உப்புப் போடாத ரசம்

மேலே ‘பிள்ளையார் துணை’ என்று எழுதிவிட்டு, அதற்குக் கீழே ஒன்றும் எழுதாமல் மடித்து வைத்த தாள்கள் எங்கள் வீட்டில் நிறையக் கிடக்கின்றன. பல வருடமாக இப்படித்தான். எழுத உட்காருவேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் சாப்பாட்டில் இருக்கிற சத்தைப் பற்றி எழுதினால் ஊர் சிரிக்காதா என்று தோன்றும். எழுந்து காபி கேட்கப் போய்விடுவேன். இன்னொரு பயமும் உண்டு. என் பிள்ளைகள் படித்ததும் கட்டிக்கொண்டு போனதும் நான் டப்பாவில் அடைத்த கொண்டைக்கடலை விற்ற காசில்தான். அதைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை எழுதினால், சோறு போட்ட கம்பெனியைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடுமோ என்ற பயம்.

போன வாரம் என் வீட்டுக்காரி சொன்னாள்: “அந்தப் பிள்ளையாரு பாவம். எத்தனை தாளுக்குத்தான் துணைக்கு வந்து சும்மா உக்காந்துட்டுப் போவாரு? எழுதித் தொலைங்க.”

எழுதுகிறேன்.

கடை கடையாக ஏறி ஆர்டர் எடுக்கிற நம் லைனுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கச்சிகளே, இது உங்களுக்குத்தான். உங்களுக்கு பைக் இருக்கிறது, போனிலேயே ஆர்டர் போடுகிற வசதி இருக்கிறது, கழுத்தில் தொங்க ஒரு அட்டை இருக்கிறது. எனக்கு இருந்தது ஒரு ரெக்சின் பை, அதற்குள் சாம்பிள் டப்பாக்கள், நெற்றியில் திருநீற்றுப் பட்டை. ஆனால் கடைக்காரர்கள் கேட்கிற கேள்வி மட்டும் மாறவே இல்லை.

“ஏண்ணே, கடலையை ஊறப்போட்டு வேகவைக்கத் தெரியாத ஆளு மதுரையில எவன்ணே இருக்கான்? இதைப் போயி டப்பாவுல அடைச்சுக் கொண்டு வாரீங்க?”

தெரிந்தவர்கள்தான் எல்லாரும். ஆனால் ஊறப்போட மறந்தவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். வீடு நிறையக் கொலு வைத்து, பட்டுச்சேலை கட்டி, ஊரையே கூப்பிட்டுவிட்டு, சுண்டலுக்குக் கடலை ஊறப்போட மறந்தவர்கள் எத்தனை பேர் நம் டப்பாவைத் தேடி ஓடி வந்திருக்கிறார்கள். மீனாட்சித் தாய் மனுசனுக்கு மறதியைக் கொடுத்ததே நம் வியாபாரம் நடக்கத்தான் என்று நான் நம்புகிறேன். அவளுக்குத் தெரியாத மார்க்கெட்டிங்கா?

அடுத்த கேள்வி தயாராக வரும். “டப்பாவுக்குள்ள போனா சத்தெல்லாம் செத்துப்போயிருமாமே?”

“கடலை என்ன கோழிக்குஞ்சாண்ணே, மூச்சு முட்டிச் சாக?” என்பேன். அவர் சிரிக்கும்போதே உண்மையையும் சொல்லிவிடுவேன். கடலையில் இருக்கிற புரதம் டப்பாவிலும் இருக்கும். நார்ச்சத்து இருக்கும். இரும்புச்சத்து பெரும்பாலும் இருக்கும். சூடு தாங்காத வைட்டமின் கொஞ்சம் போகும். கொஞ்சம் தண்ணீரில் இறங்கும். அது உங்கள் வீட்டு குக்கரிலும் நடப்பதுதான். ராஜ்மா, தட்டைப்பயறு, டபுள் பீன்ஸ் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. வாயுத் தொந்தரவு? அது கடலையோட குணம், கம்பெனியோட குணம் இல்லை.

இதெல்லாம் கடலையைப் பற்றி. டப்பாவுக்குள் கடலை மூழ்கிக் கிடக்கிற தண்ணீரைப் பற்றி என்னிடம் ஒருத்தரும் கேட்டதில்லை. நான் சொல்ல வந்த கதை அந்தத் தண்ணீரில்தான் கிடக்கிறது.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மெஸ். நடத்துகிறவர் பாண்டியம்மாள். பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்கள் கூவுகிற சத்தத்தையும் தாண்டி அவர் “சாம்பார் ஊத்துடா” என்பது ரோட்டுக்குக் கேட்கும். விடியுமுன்னே வேலை தொடங்கிப் பசியோடு வருகிற பூ வியாபாரிகள், டிரைவர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டு ஊர் திரும்புகிற சனங்கள், இவர்கள்தான் வாடிக்கை. கேஸும் மிச்சம், ஊறப்போடுகிற வேலையும் மிச்சம் என்று பாண்டியம்மாள் நம் டப்பாவைப் பெட்டி பெட்டியாக வாங்குவார். என்னை அண்ணே என்று கூப்பிடுவார். அதனால் அவர் வீட்டுக்காரர் சோலைமலைக்கு நான் மச்சான், எனக்கு அவர் மாப்ள.

சோலைமலை ஒரு காலத்தில் லாரி ஓட்டினவர். அப்புறம் நெஞ்சு பலவீனமாகி, கல்லாவில் உட்கார்ந்துவிட்டார். இதயம் சரியாக இறைக்காததால் காலில் நீர் கோர்க்கிறது, மாத்திரையை விடக்கூடாது, உப்பைக் குறைத்தே ஆகவேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்கள். டாக்டரம்மா குறைக்கத்தான் சொன்னார்கள். பாண்டியம்மாள் அடியோடு நிறுத்திவிட்டார்.

ஒரு மதியம் நான் ஆர்டருக்குப் போனபோது அங்கே பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தது.

“வாங்கண்ணே, நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க. இந்த மனுசன் காலைப் பாருங்க.” சோலைமலையின் வேட்டியைக் கணுக்காலுக்கு மேலே இழுத்து, விரலால் ஒரு அமுக்கு அமுக்கினார். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே நின்றது, பிசைந்த மாவில் அமுக்கின மாதிரி. “சோத்துல உப்பில்ல. கொழம்புல உப்பில்ல. ஊறுகாய் ஜாடியைச் சாமி ரூம்புல வச்சுப் பூட்டிருக்கேன். அப்புறம் எப்படிண்ணே கால் இம்புட்டு வீங்குது?”

“ஊறுகாயைச் சாமி ரூம்புலயா வச்சிருக்க?”

“அங்கதானே இந்த மனுசன் எட்டிப் பாக்கமாட்டாரு.”

சோலைமலை கல்லாவிலிருந்து கையெடுத்துக் கும்பிட்டார். “மச்சான், உங்க தங்கச்சி என்னைய ஜெயில்ல வச்சிருக்கா. ஜெயில்லகூடக் களியில உப்புப் போடுவாய்ங்க.”

“திருட்டுத்தனமா டீக்கடையில பஜ்ஜி திங்கிறாருண்ணே.”

“எவன்டி சொன்னான்?”

“உங்க காலு சொல்லுது.”

அந்த வட்டாரத்து டீக்கடைகள் எல்லாவற்றிலும் பாண்டியம்மாள் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். என் வீட்டுக்காரர் வந்து கேட்டால் வடை கிடையாது, பஜ்ஜி கிடையாது, கொடுத்தால் கடை முன்னால் வந்து உட்கார்ந்து மண்ணை வாரித் தூற்றுவேன் என்று. பாவம், அந்த மனிதர் டீ குடிக்கப் போனாலே மாஸ்டர் வடைத்தட்டின் மேல் துணியைப் போட்டு மூடிவிடுவார்.

அன்றைக்குச் சோலைமலைக்கு ரோசம் வந்துவிட்டது. “வாடி பாண்டி கோயிலுக்கு! சூடத்தை ஏத்து. கையால அணைச்சுச் சத்தியம் பண்றேன், நான் ஒண்ணும் திங்கலன்னு. மச்சான், நீங்க சாட்சிக்கு வாங்க!”

பாண்டி முனி சன்னதியில் சத்தியம் என்றால் எங்கள் ஊரில் விளையாட்டு இல்லை. நான் கிளம்பவே தயாராகிவிட்டேன். பாண்டியம்மாள் என்னைச் சட்டென்று அடுப்படிக்குள் இழுத்தார்.

“கூட்டிட்டுப் போயிராதீங்கண்ணே. இவரு பொய்ச் சத்தியம் பண்ணிருவாரு. கால் வீக்கத்துக்காச்சும் மாத்திரை இருக்கு. பாண்டி முனி கோவத்துக்கு என்ன இருக்கு?”

கரண்டியைக் கையில் பிடித்தபடி மெதுவாகச் சொன்னார். “ராத்திரி படுக்கவே முடியலண்ணே. படுத்தா மூச்சு முட்டுது. சுவத்துல சாஞ்சு உக்காந்தேதான் தூங்குறாரு. டாக்டரம்மா போன தடவை முகத்தைப் பாத்தே சொல்லிட்டாங்க. இப்படியே போனா ஒரு நாளைக்கு நெஞ்சுல நீர் கட்டிரும், அப்புறம் எங்க கையில இல்லம்மான்னு. நான் என்னதான் செய்ய? எல்லாத்தையும் நிறுத்திட்டேன். ஒரே ஆறுதல் இந்த ரசம்தான். ஒரு கல்லு உப்புப் போடாம வைக்கிறேன், அதைத்தான் டம்ளர் டம்ளரா ஊத்துறேன். சத்தாச்சும் உள்ள போகட்டும்னு.”

எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார். சூடாக, மிளகு காரமாக, அருமையாக இருந்தது. குடித்துவிட்டு, “ஆத்தா மீனாட்சி பாத்துக்குவா” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மீனாட்சி என்ன நினைத்திருப்பாளோ. “அந்த டம்ளரைக் கையில வச்சுக்கிட்டே என்னையக் கூப்பிடுறியே” என்று சிரித்திருப்பாள்.

அந்த ரசத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். நம் பக்கத்தில் கடலையோ கொள்ளோ வேகவைத்தால் அந்தத் தண்ணீரைக் கீழே ஊற்றமாட்டோம். சத்து அதில்தான் இறங்கியிருக்கிறது என்று எடுத்து வைத்து ரசம் வைப்போம். அதைக் கீழே ஊற்றுகிற மருமகளைப் பற்றித் தெருவே பேசும். பாண்டியம்மாள் அந்தப் பழக்கத்தில் நம் டப்பாவைத் திறந்ததும் தண்ணீரைத் தனியாக ஒரு சட்டியில் வடித்து, அதில் புளி, தக்காளி, மிளகு, சீரகம் போட்டு ரசம் வைத்தார். தண்ணீர் ஏற்கெனவே கொழகொழவென்று கஞ்சிப் பதத்தில் இருப்பதால் ரசமும் கெட்டியாக வந்தது. பூ மார்க்கெட்டில் அதற்கு ‘டப்பா ரசம்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. சோற்றுக்கு ஊற்றுவது போக, டம்ளரிலும் வாங்கிக் குடிப்பார்கள்.

இந்த விஷயம் எங்கள் மேனேஜர் காதுக்குப் போனது. உணவுத் தொழில் சம்பந்தமாகவே படித்து வந்த இளைஞர், நல்ல பையன். திருவாதவூர் போகிற வழியில் இருக்கிற நம் ஃபேக்டரியிலிருந்து போனில் குதித்தார்.

“அண்ணே, இதுதான்ணே நமக்கு வேணும்! கடலையும் யூஸ் ஆகுது, தண்ணியும் யூஸ் ஆகுது. ‘ஒரு சொட்டும் வீணில்லை’ன்னு ஒரு வீடியோ போடுவோம். அந்த அக்காவையே பேச விடுவோம்.”

ஒரு மதியம் கேமராக்காரரோடு வந்து இறங்கினார். பாண்டியம்மாள் பட்டுச்சேலை, தலைகொள்ளாத மல்லிகை. வாடிக்கையாளர்கள் யாரும் எழுந்து போகவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து வேடிக்கைக்கு நின்றார்கள். சோலைமலைக்குச் சட்டை மாட்டி, தலையைச் சீவி, முன் மேசையில் உட்காரவைத்தார்கள். அவருடைய வேலை, ரசத்தை ஒரு டம்ளர் குடித்துவிட்டு, “சத்தும் ருசியும் ஒண்ணா இருக்கு” என்று சொல்வது.

பூ வியாபாரி ராசு பின்னாலிருந்து கத்தினான். “சிரிங்கண்ணே! பொண்ணு பாக்க வந்த வீட்டுல உக்காந்த மாதிரி இருக்கீங்க!”

“அன்னைக்கே சிரிக்காமத்தான்டா மாட்டுனேன்” என்றார் சோலைமலை.

கேமரா ஓடத் தொடங்கியது. பாண்டியம்மாள் நடிகை தோற்கிற மாதிரி பேசினார். “எங்க ரசத்துல நாங்க ஒரு கல்லு உப்புகூடப் போடமாட்டோம். எங்க வீட்டுக்காரருக்கு உப்பே ஆகாது. அவருக்கே நான் தினமும் இதைத்தான் கொடுக்கேன்.” சோலைமலை குடித்தார். வசனத்தில் தடுமாறினார்.

“சார், இன்னொரு தடவை” என்றார் கேமராக்காரர்.

மறுபடியும் டம்ளர் நிறைந்தது. மறுபடியும் குடித்தார். இந்தத் தடவை பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக் கெடுத்துவிட்டது. “இன்னொரு தடவை சார், ப்ளீஸ்.”

எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. முந்தின நாள் சஷ்டி. சஷ்டிக்கு நான் உப்பில்லாமல்தான் சாப்பிடுவேன், கல்யாணமான நாளிலிருந்து முருகனுக்குப் பிடித்த விரதம் அது. அந்தச் சஷ்டிக்கு என் வீட்டுக்காரி எனக்கு ரசம் வைத்துக் கொடுத்திருந்தாள். உப்பில்லாத ரசம் எப்படி இருக்கும் என்று இந்த நாக்குக்கு நன்றாகத் தெரியும். யாரோ கை கழுவின தண்ணீரில் புளியைக் கரைத்த மாதிரி இருக்கும். அதைக் குடித்துவிட்டு முருகனை மனதுக்குள் கொஞ்சம் திட்டியும் இருந்தேன்.

இங்கே டம்ளரில் இருந்தது அப்படி இல்லை. உப்பும் உறைப்புமாக, கல்யாண வீட்டு ரசம் மாதிரி இருந்தது.

உப்பே போடவில்லை என்றால் இந்த ருசி எங்கிருந்து வந்தது?

பக்கத்தில் நின்ற மேனேஜரிடம் குனிந்து கேட்டேன். “தம்பி, நம்ம டப்பாத் தண்ணியில உப்பு உண்டா?”

அவர் கண் கேமராவிலேயே இருந்தது. “பின்ன? உப்புத் தண்ணியிலதானே கடலையை அடைக்கிறோம்” என்றார், பச்சைப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அவருக்கும் விளங்கிவிட்டது. வேட்டிக்குக் கீழே சோலைமலையின் கால் இரண்டும் மேசையடியில் தூண் மாதிரி ஊன்றியிருந்தன. அவர் கையில் அடுத்த டம்ளர்.

மேனேஜர் என் கையைப் பிடித்தார். “அண்ணே, ஷாட் முடியட்டும். தனியாக் கூப்பிட்டுச் சொல்லிருவோம். இத்தனை பேர் முன்னாடி வேண்டாம்.”

அவர் சொன்னதில் தப்பே இல்லை. நம் பொருளின் மானம் இருக்கிறது. பாண்டியம்மாளின் மானம் அதைவிடப் பெரிது. ஊர் பார்க்க அந்த ரசத்தைக் குறை சொன்னால் அவர் மெஸ் என்ன ஆகும்? நம் லைனில் எனக்கு முன்னால் இருந்த பெரியவர்கள் எல்லாரும் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான்: வாடிக்கையாளரைக் கூட்டத்தில் திருத்தாதே. நானும் அதைக் கேட்டு நடந்தவன்தான். ஆனால் தம்பிகளே, மானத்தை அப்புறம் சரிசெய்துகொள்ளலாம். டம்ளர் வாய்க்குப் போய்க்கொண்டிருக்கிறது. யோசிக்கிறதற்கு அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

பாய்ந்து போய் டம்ளரைப் பிடுங்கினேன். பாதி ரசம் என் வேட்டியில், பாதி மேனேஜர் சட்டையில்.

“பாத்தியா!” என்று சோலைமலை பொண்டாட்டியைப் பார்த்து அலறினார். “இத்தனை நாளா நீ பிடுங்குன. இப்ப உங்க அண்ணனும் பிடுங்க ஆரம்பிச்சுட்டாரு! இந்த வீட்டுல எனக்குன்னு மிச்சம் இருந்தது இந்த ரசம் ஒண்ணுதான்டி!”

“டப்பா அண்ணனுக்கு வீடியோவுல இடம் கொடுக்கலைன்னு கோவம்” என்றான் ராசு.

“அண்ணே, என்ன, பைத்தியமா பிடிச்சிருக்கு?” பாண்டியம்மாள் என் முன்னால் வந்து நின்றார். அந்தக் குரலில் பஸ் ஸ்டாண்டே அடங்கும். நான் அடங்கவில்லை. அடங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஏனென்றால் எனக்கு வார்த்தை சரியாக வரவில்லை.

“தங்கச்சி, உப்பு… அந்தத் தண்ணியில உப்பு இருக்குத்தா. மாப்ளைக்கு நீ கொடுக்கிறது உப்புத் தண்ணி.”

“யாரைப் பாத்துச் சொல்றீங்க? என் கையால வைக்கிற ரசம். நான் உப்புப் போடலன்னு சொல்றேன், எனக்குத் தெரியாதா?”

கூட்டம் கசமுசவென்று பேசியது. கேமரா ஓடிக்கொண்டேயிருந்தது. அப்போது மேனேஜர் ஒரு காரியம் செய்தார். அதற்காக நான் அவரை இன்றைக்கும் மதிக்கிறேன். கேமராக்காரரை நிறுத்தச் சொன்னார். புது டப்பா ஒன்றை எடுத்துத் திறந்தார். ஒரு ஸ்பூனில் அந்தத் தண்ணீரை மொண்டு நீட்டினார்.

“அக்கா, புளி இல்ல, மிளகு இல்ல. வெறும் தண்ணி. நீங்களே பாருங்க. நான் சொல்றதை நம்ப வேண்டாம்.”

பாண்டியம்மாள் முறைத்துக்கொண்டே வாயில் விட்டார். முகம் மாறியது. மறுபடியும் ஒரு ஸ்பூன் வாங்கினார். இத்தனை நாளும் புளியும் மிளகும் சேர்ந்த பிறகுதான் அவர் அதை ருசி பார்த்திருக்கிறார். புளிப்பும் காரமும் உப்பை மறைத்துவிடும். ருசி சரியாக இருந்ததால் உப்புப் போடவேண்டிய அவசியமும் வரவில்லை. போடாததால் இல்லை என்றே நம்பிவிட்டார்.

ஸ்பூனைக் கீழே வைத்தார். யாரையும் பார்க்காமல் நேரே புருஷன் காலைப் பார்த்தார். அப்புறம் காலி தக்காளிப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

“சோத்துல எடுத்ததை எல்லாம் நானே ரசத்துல ஊத்திருக்கேன்” என்றார்.

அன்றைக்கே சோலைமலையை டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனோம். மேனேஜர்தான் ரசம் ஊறின சட்டையோடு கார் ஓட்டினார். டாக்டரம்மா கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். இது ஒன்றுதான் காரணம் என்று சொல்லமுடியாது, ஆனால் இதுவும் பெரிய காரணம் என்றார்கள். மாத்திரையை மாற்றி, ஆஸ்பத்திரியிலேயே படுக்கவைத்தார்கள். நீர் இறங்க ஊசி போட்டார்கள். அது இறங்குகிறவரை பாண்டியம்மாள் அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை. மெஸ் பூட்டிக் கிடந்தது. நான் என் பங்குக்கு மீனாட்சியிலிருந்து பாண்டி முனி வரைக்கும் ஒருத்தரையும் விடாமல் வேண்டிக்கொண்டேன்.

மேனேஜர் வீடியோவை அழித்துவிட்டார். அதற்கு மேலிடத்தில் நல்ல பாட்டு வாங்கினார். “வடித்து, நல்ல தண்ணீரில் அலசிச் சாப்பிடவும்” என்று டப்பாவில் ஒரு வரி போடலாமே என்று இரண்டு பேரும் கேட்டுப் பார்த்தோம். இடம் இல்லை என்றார்கள். ஒரு அம்மா டப்பாவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு சிரிக்கிற படத்துக்கு இடம் இருந்தது. அதனால்தான் அந்த வரியை நீங்கள் வாயால் சொல்லவேண்டியிருக்கிறது.

சொல்லுங்கள். தண்ணீரை வடித்துவிட்டு, குழாயடியில் நன்றாக அலசினால் உப்பு நிறையப் போய்விடும். எல்லாமே போகாது, நிறையப் போகும். கடலைக்குள் இருக்கிற புரதமும் நார்ச்சத்தும் அலசினால் ஓடிப்போய்விடாது. வாயுவும் கொஞ்சம் குறையும், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் உங்களை வாழ்த்துவார். வீட்டில் இதயக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு வாங்கச் சொல்லுங்கள். ஆர்டர் ஒன்று குறையட்டும், பரவாயில்லை. டப்பாவை விற்றதோடு திரும்பி வராதீர்கள். அடுப்படிவரை போய், அவர்கள் அதை என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். நாம் ஒன்று நினைத்து விற்போம். அவர்கள் தங்கள் வழக்கத்தில் வேறொன்று செய்வார்கள். இரண்டு பேருமே நல்லதைத்தான் நினைத்திருப்போம்.

பாண்டியம்மாள் இப்போதும் நம் டப்பா வாங்குகிறார். அலசித்தான் சுண்டல் போடுகிறார். ரசத்துக்குத் தனியாகக் கடலை ஊறப்போட்டு, வெறும் தண்ணீரில் வேகவைத்துக்கொள்கிறார். டப்பாத் தண்ணீரைக் கீழே ஊற்றும்போது மட்டும் இன்னும் மனசு கேட்பதில்லை. “அன்னலட்சுமி, மன்னிச்சிரு தாயி” என்று சொல்லிவிட்டுத்தான் ஊற்றுவார்.

ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். வீக்கம் வற்றத் தொடங்கி, சோலைமலை முதல் முறையாகப் படுத்துத் தூங்கி எழுந்த காலை அது. நான் சாமி கும்பிட்டுவிட்டுத் திருநீறு கொண்டு போயிருந்தேன். பாண்டியம்மாள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். சத்தமில்லாமல் அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“ஊரெல்லாம் உங்களைத் திருடன்னு சொல்லிட்டேன். ஒவ்வொரு கடையா ஏறிப் போயி மானத்தை வாங்கிட்டேன். வெசத்தை நானே ஊத்திட்டு, உங்களைப் போயி…”

சோலைமலை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

“ஏன்டி அழுகுற? பஜ்ஜி தின்னேன்டி.”

அழுகை நின்றது. “என்ன?”

“தின்னேன்னு சொல்றேன்ல. வாழைக்கா பஜ்ஜி. ஒண்ணு ரெண்டு தடவை.”

“எந்தக் கடையில?”

“அதைச் சொல்லமாட்டேன். அவன் பிள்ளைகுட்டிக்காரன்.”

பாண்டியம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தார். எழுந்து நின்றார். இடுப்பில் கை போனது. “அதான பாத்தேன்! இந்த லட்சணத்துல பாண்டி கோயிலுக்கு வா, சூடத்தை ஏத்துன்னு குதிச்சீகளே! அண்ணே, கேட்டீங்களா? நல்லவேளை அன்னைக்கு நான் தடுத்தேன், இல்லைன்னா இந்நேரம் என்ன ஆயிருக்கும்!” வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நர்ஸ் ஓடி வந்து “சத்தம் போடாதீங்கம்மா” என்றார். பாண்டியம்மாள் நர்ஸுக்கும் சேர்த்துக் கொடுத்தார். அவர் முகத்தில் பழைய களை வந்துவிட்டது.

மாப்ள உண்மையிலேயே பஜ்ஜி தின்றாரா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. என்னைப் பார்த்து ஒரு கண்ணை மட்டும் மூடித் திறந்தார். தூசி விழுந்திருக்கலாம்.

இதை மற்ற லைன்காரர்களுக்கும் அனுப்புங்கள், வீட்டு குரூப்பிலும் போடுங்கள். ஆனால் ஒரு வார்த்தை கூட்டாமல், குறைக்காமல் அனுப்புங்கள். நம் போன்களில் ஒரு விஷயம் கிளம்பினால் பேரையூர் போய்ச் சேர்வதற்குள் ‘டப்பாக் கடலை விஷம்’ என்று ஆகிவிடுகிறது. அங்கிருந்து திரும்பி வரும்போது ‘டப்பாக் கடலை சர்க்கரை வியாதியைக் குணமாக்கும்’ என்று ஆகிவிடுகிறது. நான் இரண்டையும் சொல்லவில்லை. கடலை நல்லது என்பதை வெட்டிவிட்டுத் தண்ணீரை மட்டும் அனுப்பினால், பிள்ளைகளுக்குக் கிடைக்கவேண்டிய நல்ல சாப்பாடு ஒன்று போகும். தண்ணீரை வெட்டிவிட்டுக் கடலையை மட்டும் அனுப்பினால், எங்கேயோ ஒரு வீட்டில் ஒரு மனுசன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குவான். அவன் பொண்டாட்டி இன்னொரு டம்ளர் ஊற்றிக்கொண்டிருப்பாள், அன்பாக.